டாட் பி: பதின்வயதினருக்கான மைண்ட்ஃபுல்னஸ் பாடத்திட்டம் எப்படி?

பிரிட்டனின் மைண்ட்ஃபுல்னஸ் இன் ஸ்கூல்ஸ் அமைப்பு, 11 முதல் 18 வயதுவரை உள்ள மாணவர்களுக்கு மைண்ட்ஃபுல்னஸை, அதாவது இந்தக் கணத்தில் நடப்பதை நிதானமாகக் கவனிப்பதை, கற்றுத்தரத் தயாரித்த வகுப்பறைப் பாடத்திட்டம் இது. இதன் பலமே மூளையிலிருந்து தொடங்குவதுதான். ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா பதின்வயதில் சட்டென்று விழித்துக்கொள்கிறது. நிதானிக்க உதவும் முன்மூளைப் புறணியோ இருபதுகளின் நடுவில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. இதைச் சொன்னதும் 'எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருது?' என்ற கேள்விக்கு மாணவர்களுக்கு மரியாதையான பதில் கிடைக்கிறது. ஆனால் 'என் மூளை வளரல, நான் என்ன செய்ய?' என்று அதையே சாக்காக்கும் கில்லாடிகளும் உண்டு. எனவே, பழகப் பழக மூளை மாறும் என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிட வேண்டும்.

7-11 மூச்சுப் பயிற்சி எளிது: 7 எண்ணும்வரை உள்ளிழுத்து, 11 எண்ணும்வரை வெளிவிடுவது. மூச்சு முட்டும் பிள்ளைகளுக்கு 4-6 போதும். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் சிலருக்குப் பதற்றம் கூடும். தரையில் ஒரு புள்ளியைப் பார்க்கலாம், பாதத்தில் கவனம் வைக்கலாம்.

குறையும் பெரிது. 2022இல் வெளியான மிரியட் ஆய்வு, 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதைச் சோதித்தது. உணர்வுகளைக் கையாளவும் பிறருடன் பழகவும் பள்ளிகள் வழக்கமாகக் கற்றுத்தரும் சமூக-உணர்வுக் கல்வியைவிட இது மேல் என்று நிரூபணமாகவில்லை. பெரும்பாலோர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. விரும்பிச் சேரும் சிறு குழுவுக்கு வாங்கலாம். பள்ளி முழுவதற்கும் கட்டாயமாக்கப் பரிந்துரைக்க மாட்டோம்.