தாமிரபரணியோடு இறங்கிச் செல்லும் இரண்டு நாள் பயணம்: ஒரு மதிப்புரை

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் உள்ள ஒரு சிறிய தங்கும் விடுதி, தன்னிடம் தங்குபவர்களுக்காகத் தாமிரபரணிக் கரையோரமாக இரண்டு நாள் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்து தருகிறது. ஒரு வேன், நிதானமான ஓட்டுநர், அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்து இன்றும் விவசாயம் பார்க்கும் ஒரு வழிகாட்டி, இரண்டு நாளும் மதியச் சாப்பாடு ஆகியவை கட்டணத்தில் அடங்கும். பாபநாசத்தில் தொடங்கி, ஆற்றின் போக்கிலேயே கிழக்கு நோக்கி இறங்கி, மறுநாள் மாலை ஆதிச்சநல்லூரில் பயணம் முடிகிறது. தனியாக வண்டி பிடித்து இதே தொலைவைச் சுற்றினால் ஆகும் செலவைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் கேட்கிறார்கள். முதல் நாள் பயணம் ஒன்றே அந்தக் கூடுதல் தொகைக்குத் தகும். இரண்டாம் நாளைப் பற்றி எனக்குக் குறைகள் உண்டு. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நெல்லைச் சீமைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் குற்றாலத்தில் குளித்து, நெல்லையப்பரைத் தரிசித்து, அல்வாப் பொட்டலத்துடன் ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்ப்பதோடு சரி. பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, தமிழ்நாட்டுக்குள்ளேயே தோன்றித் தமிழ்நாட்டுக்குள்ளேயே கடல் சேரும் ஆறு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளாலும் நீர் பெறுவது. அதனால்தான் இதன் கரையில் கார், பிசானம் என்று இரண்டு நெல் போகங்களும், அவற்றை நம்பிய ஊர்களும் கோயில்களும் கைத்தொழில்களும் நிலைபெற்றன. இந்தப் பயணத்தை வகுத்தவர்கள் இதை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே பிரிகிறது, யாருடைய வயலுக்குப் போகிறது என்ற வரிசையிலேயே அவர்கள் நம்மை அழைத்துச் செல்கிறார்கள். தனித்தனியே பலமுறை பார்த்திருந்த இடங்கள்கூட இந்த வரிசையில் பார்க்கும்போது ஒன்றோடொன்று தொடர்புகொண்டு நின்றதை நான் உணர்ந்தேன்.

பாபநாசம் வனச் சோதனைச் சாவடியைக் கடந்தால் களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகம் தொடங்கிவிடுகிறது. 1988-இல் அறிவிக்கப்பட்ட இதுவே தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அகத்தியர் அருவியில் குளிப்பதற்குத் தாராளமாக நேரம் தருகிறார்கள். கோடையிலும் நீர் விழும் அருவி என்பதால் ஏமாற்றத்துக்கு இடமில்லை. குளித்து முடித்த பிறகுதான் வழிகாட்டி தம் பேச்சைத் தொடங்கினார். காரையாறு என்று மக்கள் அழைக்கும் பாபநாசம் அணைக்கு முழு நீர்மட்டம் 143 அடி, சேர்வலாறு அணைக்கு 156 அடி, மணிமுத்தாறு அணைக்கு 118 அடி என்பது நெல்லை மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. அன்றன்றைய நீர்மட்டத்தை நாளிதழில் பார்த்துவிட்டுத்தான் இங்கே பல வீடுகளில் மற்றச் செய்திகளைப் படிக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கும் நீர் முதலில் மின்சாரம் தந்து, பிறகு பாசனத்துக்குப் போகும் முறையை, கையிலிருந்த குச்சியால் மணலில் கோடு கிழித்தே அவர் விளக்கிவிட்டார். அச்சிட்ட வரைபடம் ஒன்று தந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது.

தாமிரபரணிக் கரையின் ஒன்பது சிவத்தலங்களான நவகைலாயங்களில் முதலாவதான பாபநாசநாதர் கோயிலின் படித்துறையில் மீன்களுக்குப் பொரி போடும் கூட்டம் எப்போதும் உண்டு. பரிகாரம் என்ற பெயரில் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்லும் வழக்கமும் அங்கே உண்டு. படிகளுக்கு அடியில், பாறைகளின் இடுக்கில், வேட்டியும் சேலையும் சுருண்டு கிடப்பதை வழிகாட்டி தாமாகவே காட்டினார்; அந்தத் துணிகளால் மீனுக்கும் ஆற்றுக்கும் என்ன ஆகிறது என்பதையும் கூசாமல் சொன்னார். சுற்றுலா வழிகாட்டிகளிடம் இந்த நேர்மையை நான் அதிகம் கண்டதில்லை.

பயணத்தின் உயிர்நாடி இதற்குப் பிறகுதான் வருகிறது. தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து பிரியும் பதினொரு கால்வாய்கள் 86,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு நீர் தருகின்றன. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டுமே ஆங்கிலேயர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. மலையடிவாரத்துப் பெரிய அணைகளைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கை நூற்றாண்டுகளாக வாழவைத்த இந்தத் தாழ்வான கல் அணைக்கட்டுகளை யாரும் நின்று பார்ப்பதில்லை. இந்தப் பயணத்தில் கன்னடியன் அணைக்கட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கவைக்கிறார்கள். அதற்காகவே அந்த விடுதிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அங்கே கண்டதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அணைக்கட்டு ஆற்றை முழுவதுமாக மறிப்பதில்லை. நீரைக் கால்வாய்த் தலைமதகுக்கு எட்டும் அளவுக்கு உயர்த்திக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தன் தலைக்கு மேலேயே வழியவிடுகிறது. அந்த மிச்சம் அடுத்த அணைக்கட்டுக்குப் போகிறது. வயல்களில் பாய்ந்து வடியும் நீரும் எங்கோ ஓரிடத்தில் மீண்டும் ஆற்றில் சேர்கிறது. ஆக, மேலே ஒருவர் எடுத்துக்கொண்டது போகக் கீழே இருப்பவருக்கும் பங்கு வரும்படி ஏற்பாடு அமைந்திருக்கிறது. இந்தக் கால்வாய் வெட்டப்பட்டதைப் பற்றி ஓர் ஊர்க்கதை உண்டு. கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் தம் செல்வத்தையெல்லாம் நல்வழியில் செலவிட விரும்பி, ஒரு பசுவைப் பின்தொடர்ந்து சென்றாராம். அது நடந்த வழியே கால்வாயும், நின்ற இடங்களில் மடையும் (வயலுக்கு நீர் திறக்கும் வாயில்), படுத்த இடங்களில் குளமும் அமைத்தாராம். இந்தக் கதையை வழிகாட்டி கரைமேல் நடந்துகொண்டே சொன்னார். வழியில் மண்வெட்டியோடு வந்த ஒரு பெரியவரிடம், “அண்ணாச்சி, பிசானத்துக்குத் தண்ணி பத்துமா?” என்று கேட்டு நிறுத்தினார். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதிலிருந்து மடை, முறை (தண்ணீர் விடும் வரிசை), மறுகால் (குளம் நிரம்பி வழியும் போக்கு) ஆகியவற்றைப் பற்றி நான் அறிந்துகொண்டது அதிகம்.

மதியச் சாப்பாடு கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில் தருகிறார்கள். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், அந்த ஊரின் பெயரைச் சொல்லும் அப்பளமும் பரிமாறினார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த, தமிழ்நாடு முழுவதும் இட்லிக்கு ஊறவைக்கும் அம்பை 16 நெல்லைப் பற்றி அந்தச் சாப்பாட்டு வேளையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பிற்பகலில் செல்லும் திருப்புடைமருதூர் தனிக் கட்டுரைக்கு உரியது. கடனா நதி தாமிரபரணியோடு சேரும் இடத்தில் நாறும்பூநாதர் கோயில் அமைந்திருக்கிறது. அதன் கோபுரத்தின் உள்தளங்களில் மரத்தால் செய்த தூண்களும் சிற்பங்களும், சுவர்களில் பழைய ஓவியங்களும் இருக்கின்றன. ஏறிப் பார்க்க முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். விடுதியினர் அதைத் தாங்களே பெற்று வைத்திருந்தனர். குறுகிய படிகளில் குனிந்து ஏறி, கண் அந்த அரையிருளுக்குப் பழகியதும், சுவரில் ஒரு கப்பல் தெரிந்தது. அதில் குதிரைகளை ஏற்றிவரும் வணிகர்கள், அவர்களுடைய உடையின் மடிப்புகள், போருக்கு அணிவகுத்த வீரர்கள் எனச் சிவப்பும் மஞ்சளும் கலந்து சுவர் முழுவதும் காட்சிகள் நிறைந்திருந்தன. புராணக் காட்சிகளுக்குப் பக்கத்திலேயே கடல் வாணிகத்தை வரைந்த அந்தக் கைகளை வியந்தபடி நின்றேன். கைவிளக்கின் ஒளியை நேராக ஓவியத்தின்மேல் பாய்ச்சக் கூடாது, சுவரில் கைவைக்கக் கூடாது என்பதில் வழிகாட்டி கண்டிப்பாக இருந்தார். அது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் சங்குவளை நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. ஊர் மக்களே முன்வந்து காத்துவந்த இந்த இடம் 2005-இல் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்த வகையில் இந்தியாவிலேயே முதலாவது இதுதான். தாமிரபரணிப் படுகையின் குளங்களில் ஆண்டுதோறும் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தப்படும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011-இல் தொடங்கியது என்பதையும், விருப்பமுள்ளவர்கள் அதில் சேரலாம் என்பதையும் இங்கே சொன்னார்கள்.

இருட்டுவதற்குள் பத்தமடையில் ஒரு பாய் நெய்யும் வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, உலர்த்தி, நாராகக் கீறி, நீரில் ஊறப்போட்டு, மீண்டும் உலர்த்திச் சாயம் ஏற்றிய பிறகுதான் தறிக்கு வருகிறது. பட்டுப்பாய் எனப்படும் மெல்லிய பாயின் ஓரத்தை நெய்பவர் என் உள்ளங்கையில் வைத்தபோது அது துணியைப்போல் மடங்கியது. மணமக்களின் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய் ஒன்றும் தறியில் பாதியாக நின்றிருந்தது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் தொழிலில், ஒரு நல்ல பாய் முடிய வாரக்கணக்கில் ஆகிறது. வாங்கும்படி யாரும் நெருக்கவில்லை. விலையும் நெய்பவரே சொன்னார், நடுவில் எவரும் கைநீட்டவில்லை. விரும்பி வாங்குபவர்கள் பேரம் பேசாமல் வாங்குவது நியாயம்.

இரண்டாம் நாள் இந்த நிதானம் போய்விடுகிறது. திருநெல்வேலி, கிருஷ்ணாபுரம், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், ஆதிச்சநல்லூர் ஆகிய ஐந்தையும் ஒரே பகலில் அடைத்திருக்கிறார்கள். கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களுக்கு அரை மணி நேரம் எந்த வகையிலும் போதாது. ஒரே கல்லில் வடித்த உருவங்களின் நகக்கண்ணையும் விரல் கணுவையும் பார்க்கவே அதற்குமேல் நேரம் வேண்டும். ஒன்பது பெருமாள் தலங்களான நவதிருப்பதிகளில் ஒன்றான ஸ்ரீவைகுண்டத்தில் கோயிலைக் காட்டிவிட்டு, அதே ஊரிலுள்ள எட்டாவது அணைக்கட்டை வண்டியிலிருந்தபடியே காட்டுகிறார்கள். முதல் நாள் அணைக்கட்டுகளின் அருமையைக் கற்றுக்கொடுத்தவர்கள் கடைசி அணைக்கட்டில் வண்டியை நிறுத்தாதது எனக்குப் பெரும் வருத்தம்.

நேரக் குறைவைவிட என்னை உறுத்தியது மௌனம். திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயிலைக் காட்டும்போது, வெள்ளம் வரும்போதெல்லாம் அந்தக் கோயில் நீருக்குள் மூழ்கி எழும் அழகைச் சொன்னார்கள். ஆனால் 2023 டிசம்பரில் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கித் தவித்ததையும், கீழ்ப்பள்ளத்தாக்கின் கரைகள் உடைந்து வயல்கள் மணல்மேடானதையும் யாரும் பேசவில்லை. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் காவல்துறை தடியடி நடத்தியபோது 17 பேர் இந்த ஆற்றில் உயிரிழந்தார்கள். அந்தக் கரையைக் கடக்கும்போதும் அமைதிதான். நகரத்துக் கழிவுநீர் ஆற்றில் கலக்கும் இடத்தை வண்டி வேகமாகக் கடந்துவிட்டது. பாபநாசத்தில் துணிக்குவியலைக் காட்டத் தயங்காதவர்கள் இங்கே தயங்க வேண்டியதில்லை. ஆற்றின் மரபைக் காட்டுவதாகச் சொல்லும் ஒரு சேவை, அதன் துயரத்தையும் சேர்த்துக் காட்டுவதுதான் முறை.

ஆதிச்சநல்லூர் இந்தக் குறைகளைப் பெருமளவு ஈடுசெய்கிறது. 1876-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஜாகர் தோண்டியதும், பிறகு 1899-லிருந்து அலெக்சாண்டர் ரியா ஆய்வு செய்ததும், 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் தொடங்கியதுமான அந்தப் பழங்கால ஈமக்காட்டு மேட்டு நிலத்தில், 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்ட களக் காட்சிக்கூடம் இருக்கிறது. கண்ணாடித் தளத்தின்மேல் நின்று, முதுமக்கள் தாழிகள் புதைக்கப்பட்ட இடத்திலேயே இருப்பதைக் கீழே பார்க்கலாம். நீர் ஏறாத பறம்பை (மேட்டு நிலத்தை) இறந்தவர்களுக்கு ஒதுக்கி, நீர் பாயும் நிலத்தை உழவுக்கு வைத்துக்கொண்டார்கள் என்று வழிகாட்டி சொன்ன விளக்கம், இரண்டு நாளும் பார்த்த கால்வாய்களோடு அந்தத் தாழிகளை இணைத்துவிட்டது. ஆற்றின் அக்கரையில் உள்ள சிவகளையில், தாழிக்குள் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டிருக்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பள்ளத்தாக்கில் நெல் இருக்கிறது என்பதை நினைக்கையில் கன்னடியன் கரையில் கண்ட பெரியவரின் மண்வெட்டிக்கு ஒரு தனிப் பெருமை சேர்கிறது.

செல்ல விரும்புபவர்களுக்குச் சில குறிப்புகள்: காரையாறு அணை திறந்து வாய்க்கால்களில் நீர் ஓடும் காலத்தில் போங்கள், வறண்ட வாய்க்காலைப் பார்த்தால் பாதிப் பயணம் வீண். பறவைகளையும் பார்க்க வேண்டுமானால் தை, மாசி மாதங்கள் ஏற்றவை; பிசான நெல்லும் அப்போது கதிர் பிடித்திருக்கும். கோபுரப் படிகள் முதியவர்களுக்கும் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் ஆகாது. அவர்கள் அந்த நேரத்தில் கீழே ஆற்றங்கரை மண்டபத்தில் அமர்ந்திருக்கலாம். படித்துறைகள் பாசி பிடித்தவை, வழுக்கும். சோப்பும் ஷாம்பூவும் எடுத்துச் செல்லாதீர்கள்.

பாண்டியரின் துறைமுகமாக இருந்து, இன்று கடலிலிருந்து விலகி வயல்களுக்கு நடுவே கிடக்கும் கொற்கையும், ஆறு கடலில் சேரும் புன்னக்காயலும் இந்தப் பயணத்தில் இல்லை. முன்பதிவு செய்யும்போதே இவற்றுக்காக மூன்றாம் நாள் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். கேட்பவர்களுக்கு அதே வண்டியையும் வழிகாட்டியையும் தனிக் கட்டணத்தில் அனுப்புவதாக விடுதியில் சொல்கிறார்கள். அப்போது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் இறங்கி நிற்கவும் நேரம் கிடைக்கும்.