மாட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தைப் பாருங்கள்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் அவ்வப்போது ரேஸ் டிராக்குக்கு எடுத்துப் போகிறவர்கள், டயர் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். 2023-இல் நான்கு டயர் வாங்கி ஏமாந்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. ஒரு நீண்ட வளைவில் வண்டியின் பின்பக்கம் திடீரென்று வெளியே வீசிய அந்த ஒரு நொடி இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

கடையில் நான் தெளிவாகத்தான் சொன்னேன். தினமும் வேலைக்கு ஓட்டுவேன், மழையிலும் ஓட்டுவேன், எப்போதாவது டிராக். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் மாதிரி ஒன்று வேண்டும் என்றேன். விற்றவர் விடவில்லை. "அதெல்லாம் வெறும் ரோடு டயர் சார். இது ரெண்டுக்கும் ஆகும். மழைக்கும் பயமில்லை, நான் கேரண்டி" என்று ஒரு செமி ஸ்லிக்கைக் காட்டினார், அதாவது சாலையிலும் ஓட்டலாம் என்றாலும் முக்கியமாக டிராக்குக்கென்றே செய்த டயர். அந்த வகை மேல் எனக்கு ரொம்ப நாளாக ஆசை. சரி என்றுவிட்டேன். மாட்டும்போது உள்ளே வரக் கூடாது, வெளியே உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தேன்.

'ரெண்டுக்கும் ஆகும்' என்பதே முதல் பொய். சாலை டயரின் ரப்பர் சூடேறாமலும் பிடிக்கும். தண்ணீரை வெளியே தள்ள அதில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். செமி ஸ்லிக்கில் பள்ளங்கள் குறைவு, ஆழமும் குறைவு, ரப்பரும் சூடேறினால்தான் வேலை செய்யும். ஆனால் காய்ந்த டிராக்கில் அது சூடான பிறகு சாலை டயர் பக்கத்திலேயே வர முடியாது. சில சுற்றிலேயே சாலை டயர் சூடு தாங்காமல் வழுக்கத் தொடங்கும். விடாமல் விரட்டினால் ஓரத்தில் ரப்பர் பிய்ந்து வரும். அதனால் எது நல்ல டயர் என்று கேட்பதில் பயனில்லை, நீங்கள் அதிகம் ஓட்டுவது எங்கே என்பதுதான் கேள்வி. சைடுவாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில், உள்ள டிரெட்வேர் எண்ணே (தேய்மானத்தைக் காட்டும் எண்) பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். பைலட் ஸ்போர்ட் 4எஸ்ஸுக்கு 300, செமி ஸ்லிக்குகளான அதே கம்பெனியின் கப் 2-க்கு 180, பிரெல்லியின் டிரோஃபியோ ஆருக்கு 60. எண் குறைந்தால் டயர் சீக்கிரம் தேயும், பிடி பெரும்பாலும் கூடும். ஒன்று மட்டும்: இந்த எண்ணைத் தயாரிப்பவர்களே சோதித்துப் போடுகிறார்கள். ஒரு கம்பெனியின் 200-ம் இன்னொன்றின் 200-ம் ஒன்றென்று நம்பிவிடாதீர்கள்.

முதல் மழையிலேயே தெரிந்தது. வேகம்கூட இல்லை. சாலையில் தேங்கிய தண்ணீரில் ஏறியதும் ஸ்டியரிங் கையில் எடையே இல்லாமல் போனது. கடைக்குப் போன் செய்தால், "புது டயர் சார், கொஞ்சம் ஓடட்டும்" என்றார்கள். புது டயர் முதலில் சற்று வழுக்குவது உண்மைதான். அதனால் நம்பினேன்.

அப்புறம் டிராக். நண்பரும் அன்று அதே மாடல் டயரில்தான் வந்திருந்தார். அவர் வண்டி வளைவில் ஒட்டிக்கொண்டு போனது. என் வண்டியில் முன்பக்கம் நன்றாகப் பிடிக்கிறது, பின்பக்கம் நழுவுகிறது. காற்றை இறக்கிப் பார்த்தேன், மாற்றமில்லை. நான்காவது சுற்றில்தான் அது முழுதாக வீசியது. எப்படியோ நேராக்கிப் பிட்டுக்கு, டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடத்துக்கு, கொண்டுவந்து சேர்த்தேன்.

நண்பர் குனிந்து தன் டயரில் நகத்தை அழுத்தினார், தடம் பதிந்தது. என் முன் டயரிலும் பதிந்தது. பின் டயரில் நகம்தான் வழுக்கியது. ஜாக்கி போட்டு, செல்போன் டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தோம். டயரின் உள்பக்கத்தில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம்தான் டயர் செய்த தேதி. முன் டயர்களில் 3522, அதாவது 2022-இன் 35-வது வாரம். பின் டயர்களில் 1118. 2018 மார்ச்சில் செய்தது! ஐந்து வருடம் கிடந்து இறுகிப்போன ரப்பருக்கு மேலே கறுப்புப் பாலிஷ். முன்னால் புதுசு, பின்னால் பழசு. பின்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு இதைவிட ஆபத்தான ஜோடி கிடையாது.

தேதியோடு கூடிய முழு வரிசை பல டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். 'வெளிப்பக்கம்' என்று குறித்த டயரைத் திருப்பி மாட்டவும் முடியாது. அதனால் தேதி உள்ளே போனதை வைத்து மட்டும் யாரையும் திருடன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாட்டிவிட்டால் அது கண்ணில் படாது என்பது கடைக்காரருக்குத் தெரியும், நமக்குத் தெரிவதில்லை.

திரும்பிப் போனேன். "மாட்டின டயரை எடுக்க மாட்டோம்", "டிராக்கில் ஓட்டினால் வாரண்டி இல்லை." டிராக்குக்கு ஆகும் என்று விற்றதே அவர்தான். பில்லில் பிராண்டும் அளவும் மட்டும் இருந்தன. மாடல் பெயர் இல்லை, தேதி இல்லை. வாதாட என் கையில் ஒன்றுமில்லை.

அடுத்த செட் வேறு இடத்தில், சாலை டயராகவே வாங்கினேன். நான்கையும் தரையில் போடச் சொல்லி, இரு பக்கமும் திருப்பி, தேதியைப் படம் எடுத்தேன். டயர் தாங்கும் எடையைச் சொல்லும் லோடு எண்ணையும், அதிகபட்ச வேகத்தைச் சொல்லும் வேகக் குறியீட்டையும் வண்டியின் கையேட்டோடு ஒப்பிட்டேன். மாடல் பெயரும் நான்கு தேதிகளும் பில்லில் ஏறிய பிறகுதான் பணம் கொடுத்தேன். அந்தக் கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

அந்த 1118 இரண்டையும் ஒருவர் விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. சைடுவாலை அறுத்துவிட்டுத்தான் கழிவுக்குப் போட்டேன்.