சைனஸ் லிஃப்ட்: காலி இடத்தில் எதைப் போட்டு நிரப்புவது?

மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு ஐந்தாறு வருடம் சும்மா விட்டவருக்கு ஸ்கேன் எடுத்தால், பெரும்பாலும் மூன்று நான்கு மி.மீ. எலும்புதான் மிஞ்சியிருக்கும். அதற்கு மேலே சைனஸ் என்கிற கன்னத்து எலும்புக் குழி, வெறும் காற்று. பல்லின் வேருக்குப் பதிலாகத் திருகி வைக்கும் 10 மி.மீ. இம்பிளான்ட் அதில் எப்படி நிற்கும்? அதனால்தான் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வெட்டி, சைனஸின் உட்சவ்வை மேலே தூக்கி, அடியில் எதையாவது நிரப்புகிறோம். இதுதான் சைனஸ் லிஃப்ட். முட்டை ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் தோல் இருக்கிறதே, கிட்டத்தட்ட அப்படி ஒரு சவ்வு. கிழியாமல் தூக்கப் பச்சை முட்டையைச் சுரண்டிப் பழகுபவர்களும் உண்டு.

1980-ல் பாய்ன், ஜேம்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இந்த முறையை எழுதி வெளியிட்டபோது நிரப்பியது நோயாளியின் இடுப்பெலும்பை. உயிரணுக்களோடு வருவதால் சொந்த எலும்புக்கு ஈடில்லை என்பது பாடப்புத்தகச் சேதி. ஆனால் ஒரு பல்லுக்காக இடுப்பிலோ முகவாயிலோ இன்னொரு காயம். போதாக்குறைக்கு அது நாளடைவில் சுருங்கவும் செய்யும்.

இதற்கு நேர் எதிர், மாட்டெலும்புத் துகள். பயோ-ஆஸ் என்றால் பல் மருத்துவர் எல்லாருக்கும் தெரியும். புரதம் முழுவதும் நீக்கிய வெறும் தாதுக்கூடு. இரத்தத்தில் குழைத்தால் நனைந்த ரவை மாதிரி ஸ்பூனில் அள்ள வரும். பல வருடம் கழித்துத் திசுவை எடுத்துப் பார்த்தாலும் துகள் அப்படியே தெரியும். இதைக் குறை என்பவர்கள் உண்டு. சைனஸைப் பொறுத்தவரை எனக்கு இதுதான் நிறை: சட்டென்று கரைகிற பொருளைப் போட்டால் சைனஸ் மறுபடி கீழே இறங்கிவிடும். ஆனால் மாட்டெலும்பு என்பதைக் கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். சிலர் நம்பிக்கை காரணமாக மறுப்பார்கள். அது அவர்கள் உரிமை.

அவர்களுக்குச் செயற்கைத் துகள் இருக்கிறது. கரையாத ஹைட்ராக்சி அபடைட் 60, கரைகிற டிரைகால்சியம் பாஸ்பேட் 40 என்று கலந்து வருவது சைனஸுக்குப் பொருத்தம். டிரைகால்சியம் மட்டும் என்றால் எனக்குத் தயக்கம்தான். தானம் பெற்ற மனித எலும்பும் கிடைக்கிறது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் திசு வங்கி தருகிறது. தாது நீக்கிய வகையைத் தனியாகப் போட்டால் அளவு குறைந்துவிடும், கலந்து போடலாம்.

அப்புறம், இப்போது எல்லாரும் கேட்கிற பி.ஆர்.எஃப். உங்கள் இரத்தத்தையே சுழற்றி எடுக்கும் மஞ்சள் ஜெல். மலிவு, நல்லது, ஆனால் ஓரிரு வாரத்தில் கரைந்துவிடும். கூடவே இம்பிளான்டும் வைத்தால்தான் கூடாரக் கம்பம்போல அது சவ்வைத் தாங்கி நிற்கும். ஒன்றுமே நிரப்பாமல், இரத்தக்கட்டியை மட்டும் நம்பி இப்படிச் செய்து எலும்பு வளர்ந்ததை 2004-லேயே ஸ்வீடனில் லுண்ட்கிரென் குழு காட்டிவிட்டது.

சரி, எது ஜெயிக்கிறது? இம்பிளான்ட் நிலைப்பதை வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. 2003-ல் வாலஸ், ஃப்ரூம் என்ற ஆய்வாளர்கள் செய்த தொகுப்பாய்வில் சொரசொரப்பான இம்பிளான்டும், ஜன்னலை மூடும் மெம்பிரேன் என்கிற மெல்லிய படலமும் பலன் தந்தன; ஒரே துண்டாக வைக்கும் எலும்பைவிடத் துகள் மேல் என்றும் தெரிந்தது.

ஐந்து மி.மீ. எலும்பு இருந்தால் நான் துகளே போடமாட்டேன். இரண்டு மூன்று என்றால் மாட்டெலும்போடு, ஜன்னல் வெட்டும்போது சுரண்டி எடுத்த சொந்த எலும்பையும் கலப்பேன். எதைப் போட்டாலும் குப்பியோடு ஒரு ஸ்டிக்கர் வரும். அதில் பொருளின் பெயரும் லாட் எண்ணும் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பது) இருக்கும். உங்கள் ஃபைலில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.