இன்கா ட்ரெயில் பெர்மிட் கன்ஃபார்ம்னு சொல்லி 1,560 டாலர் ஏமாத்திட்டாங்க, பெரு போறவங்க தயவுசெஞ்சு படிங்க

நேத்து ராத்திரி புக்கிங் தளத்துலேர்ந்து கடைசி மெயில் வந்துச்சு, "உங்க புகார் முடித்து வைக்கப்பட்டது"ன்னு. காரணம்கூட ஒழுங்கா எழுதல. ரெண்டு பேருக்கு 1,560 டாலர் கட்டியிருக்கோம், அதுல ஒரு டாலர்கூட திரும்ப வரல. கோவம் ஆறறதுக்குள்ள எழுதிடறேன், அடுத்த சீசனுக்கு பிளான் பண்றவங்க யாராவது ஒருத்தராவது தப்பிக்கட்டும். எப்படி தப்பிக்கறதுன்னும் கடைசில விவரமா சொல்றேன்.

தளம் பேரு போட மாட்டேன். உலகம் முழுக்க இருக்கற லோக்கல் ட்ரெக்கிங் ஏஜென்சிங்கள ஒரே இடத்துல காட்டி புக் பண்ண வைக்கற ஆன்லைன் தளம், அந்த மாதிரி நிறைய இருக்கு. அதுக்குக் கீழ, மச்சு பிச்சு போறவங்க தங்கற குஸ்கோ ஊர்ல ஒரு ஏஜென்சி. நாங்க கேட்டது க்ளாசிக் இன்கா ட்ரெயில், கிலோமீட்டர் 82ங்கற இடத்துல ஆரம்பிச்சு நாலு நாள் நடந்து, இன்டிபுங்குங்கற சூரிய வாசல் வழியா, பழைய இன்கா ஊரான மச்சு பிச்சுக்குள்ள இறங்கற ரூட். நானும் என் தங்கச்சியும். அவளுக்கு இது ஸ்கூல் படிக்கற காலத்துலேர்ந்து இருக்கற ஆசை. சும்மா மச்சு பிச்சு பாக்கணும்னா ட்ரெயின்ல போயிட்டு வந்துடலாம், அவளுக்கு வேண்டியது அந்த கல்லுப் பாதையும் வழில வர்ற இடிபாடுகளும்தான். ருன்குரக்காய், சயக்மார்கா, புயுபடமார்கா, வின்யாய் வாய்னா, ஒவ்வொண்ணு பேரும் அவ வாய்ல வரும்.

ஏன் நம்பினோம்னு கேப்பீங்க. ஏஜென்சிக்காரன் ரூல்ஸ் எல்லாத்தையும் கரெக்டா சொன்னான், அதான். ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, அதுலயே கைடு, போர்ட்டர் எல்லாம் அடங்கிடும், அதனால டூரிஸ்ட்டுக்கு ஏறக்குறைய 200 இடம்தான்னு சொன்னான். பிப்ரவரில ட்ரெயில மூடிடுவாங்கன்னு சொன்னான். பெர்மிட் பாஸ்போர்ட் நம்பரோட கட்டின ஒண்ணு, பேரு மாத்த முடியாது, தேதி மாத்த முடியாது, ரீஃபண்டும் கிடையாது, அதனாலதான் முழுப் பணத்தையும் முன்னாடியே வாங்கறோம்னு சொன்னான். போர்ட்டர்ங்க தலைல 20 கிலோவுக்கு மேல ஏத்த மாட்டோம், எங்களுக்கு மனசாட்சி இருக்குன்னு வேற. நான் அதையெல்லாம் தேடிப் பாத்தேன், எல்லாமே நிஜம். இவ்ளோ நேர்மையா ரூல்ஸ் பேசறவன் அந்த ரூல்ஸ வெச்சே நம்ம கழுத்த அறுப்பான்னு யாருக்குத் தோணும்? பாஸ்போர்ட் போட்டோ கேட்டான், அனுப்பினோம். மறுநாளே "கன்ஃபார்மாடோ"ன்னு (ஸ்பானிஷ்ல கன்ஃபார்ம்) பச்சை எழுத்துல ஒரு வவுச்சர் வந்துச்சு, ரெண்டு பேர் பேரும், பாஸ்போர்ட் நம்பரும், தேதியும் அச்சடிச்ச மாதிரி. தங்கச்சி அத பிரிண்ட் எடுத்து பைக்குள்ள வெச்சுக்கிட்டா. 1,560 டாலர் அன்னைக்கே கார்டுலேர்ந்து போச்சு.

குஸ்கோ 3,400 மீட்டர் உயரம், உடம்பு பழகணும்னு கொஞ்சம் முன்னாடியே போய் தங்கிட்டோம். கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி ப்ரீஃபிங்னு ஹோட்டல் லாபிக்கு ஒரு ஆள் வந்தான். மேப்ப விரிச்சான். பாத்தா அது இன்கா ட்ரெயில் மேப்பே இல்ல, சல்கன்டாய்ங்கற வேற ஒரு ட்ரெக்கோட மேப். கேட்டதும் ரொம்ப சாதாரணமா, "பெர்மிட் சிஸ்டத்துல பிரச்சனை, மினிஸ்ட்ரி கேன்சல் பண்ணிட்டாங்க, கவலைப்படாதீங்க, சல்கன்டாய் அதவிட அழகு, அதுவும் மச்சு பிச்சுலதான் முடியுது, ஒரு நாள் கூடுதலா உங்களுக்கு ஃப்ரீ"ங்கறான். விடியக்காலம் நாலு மணிக்கு வேன். வேண்டாம்னா பணத்தத் திருப்பித் தாங்கன்னு கேட்டோம், "இந்த நேரத்துல கேன்சல் பண்ணா டேர்ம்ஸ் படி ஒண்ணும் வராது"ன்னு ஃபோன்ல அந்தப் பக்கத்த காட்டறான். தளத்தோட கஸ்டமர் கேருக்கு சாட் போட்டா, 72 மணி நேரத்துல பதில் வருமாம். நாலு மணிக்கு வேன் கிளம்புது, இவங்க 72 மணி நேரம்ங்கறாங்க!

தெரியாதவங்களுக்காக சொல்றேன், சல்கன்டாய் மோசமான ட்ரெக் இல்ல. 6,271 மீட்டர் பனிமலை அடிவாரத்துல போற ரூட், அதையே தேடிப் போறவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா அதுக்கு இன்கா ட்ரெயில் பெர்மிட்டே வேண்டாம், அதனாலயே விலை ரொம்பக் கம்மி. அந்த ரூட்ல வர்ற இடிபாடுன்னா யக்டபாட்டா ஒண்ணத்தான் சொல்லணும், இன்டிபுங்கு வழியா உள்ள இறங்கறதும் கிடையாது. அதாவது தங்கக் காசுக்கு விலை வாங்கிட்டு பித்தளையக் கைல திணிச்ச கதை. பித்தளைய குறை சொல்லல, நான் காசு குடுத்தது எதுக்கு?

வேற வழியில்லாம போனோம். சொராய்பம்பால முதல் ராத்திரி, 3,900 மீட்டர், டென்ட் ஜிப் பாதில நின்னுடுச்சு, ஸ்லீப்பிங் பேக் ஈரவாடை. தங்கச்சி ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் இருட்டுல, "அண்ணா, அப்ப அந்த வின்யாய் வாய்னா இனிமே இல்லல்ல?"ன்னு கேட்டா. என்ன சொல்றது.

மறுநாள் சாப்பாட்டுக்கு நிக்கறப்பதான் விஷயம் புரிஞ்சுது. கைடு ஒரு சின்னப் பையன், நல்ல பையன், அவன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. பேர் செக் பண்ண நாலா மடிச்ச ஒரு பேப்பர எடுத்தான், மடிப்புல கிழிஞ்சு, டீக்கறை எல்லாம் பட்டு இருந்துச்சு. மேல "சல்கன்டாய்"னு தலைப்பு, அதுல எங்க ரெண்டு பேர் பேரும். கீழ மூலைல அந்த லிஸ்ட் அடிச்ச தேதி. முந்தின மாசத்துத் தேதி! நாங்க குஸ்கோல கால் வெக்கறதுக்கு முன்னாடியே, "எல்லாம் ரெடி சார்"னு அவன் எனக்கு மெசேஜ் போட்டுக்கிட்டு இருந்த அதே சமயத்துல, எங்கள சல்கன்டாய் லிஸ்ட்ல போட்டு வெச்சிருக்கான். மினிஸ்ட்ரியும் கேன்சல் பண்ணல, சிஸ்டமும் கெட்டுப்போகல. பெர்மிட்டே வாங்கல. கேட்டா அந்தப் பையன் தலையக் குனிஞ்சுக்கிட்டு, எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே சல்கன்டாய்னுதான் சொன்னாங்கன்னான். பேப்பர போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டேன்.

அதோட விடல. மச்சு பிச்சு டிக்கெட் சர்க்யூட் 3 போட்டுக் குடுத்தாங்க. இப்ப உள்ள மூணு சர்க்யூட் இருக்கு, எது போட்டிருக்கோ அந்த வழிலதான் விடுவாங்க. எல்லாரும் போட்டோல பாக்கற அந்த மேல் தட்டுக்கு 3ல போக முடியாது, கீழ்ப்பக்கம்தான். இன்டிபுங்குவும் போச்சு, மேலேர்ந்து முழு ஊரையும் ஒரு தடவ பாக்கறதும் போச்சு. திரும்பி வர்றதுக்கு ஒல்லாந்தாய்தாம்போங்கற ஊர் வரைக்கும் ட்ரெயின்னு எழுதியிருந்தாங்க, அதுவும் இல்ல, தண்டவாளத்த ஒட்டியே ஹிட்ரோஎலெக்ட்ரிகாங்கற ஸ்டேஷன் வரைக்கும் நடந்து, அங்கேர்ந்து மலைரோட்டுல ஆறேழு மணி நேரம் வேன். "ஃப்ரீயா குடுத்த" அந்த ஒரு நாளால லிமா ஃப்ளைட்டும் போச்சு, புதுசா டிக்கெட் எடுத்தோம், அது இந்த 1,560 டாலர்ல சேராது.

குஸ்கோ வந்ததும் நேரா ஆபீஸுக்குப் போனா, மேனேஜர் மலைல இருக்கார், சிக்னல் இல்லயாம். மறுநாள் போனா லிமா போயிட்டாராம். அந்த ரிசப்ஷன் பொண்ணு, "நடந்தீங்கல்ல, சாப்பிட்டீங்கல்ல, மச்சு பிச்சு பாத்தீங்கல்ல"ன்னு கேக்குது. வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் விழுது, பதில் வராது. தளத்துக்கு எழுதினா, நாங்க வெறும் இடைத்தரகர், ஏஜென்சிகிட்ட பேசிக்கோங்க. ஏஜென்சி சொல்லுது, பணம் தளம் வழியா வந்துச்சு, அவங்ககிட்ட கேளுங்க. நடுவுல தளத்துலேர்ந்து ஒரு கூப்பன் வந்துச்சு, அடுத்த புக்கிங்ல 5 சதவீதம் தள்ளுபடியாம். 1,560 டாலர் தொலைச்சவனுக்கு இன்னொரு தடவ அவங்ககிட்டயே வந்து தொலைக்கச் சொல்லி தள்ளுபடி!

பணத்தத் திருப்பித் தரச் சொல்லி கார்டு பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டேன். அதுக்கு ஏஜென்சி அனுப்பின ஆதாரம் என்ன தெரியுமா? கணவாய்ல கைடு எடுத்த போட்டோ, நானும் தங்கச்சியும் நிக்கறது. "வாடிக்கையாளர் சேவையைப் பெற்று மகிழ்ச்சியாக இருந்தார்"னு. அந்த போட்டோல எங்களுக்குப் பின்னாடியே போர்டு இருக்கு, சல்கன்டாய் கணவாய், 4,630 மீட்டர்னு எழுதி. இன்கா ட்ரெயில்ல ரொம்ப உயரமான இடம் வார்மி வான்யுஸ்கா, 4,215 மீட்டர். அவங்க ஆதாரமே அவங்க பொய்ய சொல்லுது. அதையும், கைடு பேப்பரையும், அந்த பச்சை எழுத்து வவுச்சரையும் சேத்து பேங்க்குக்குத் திருப்பி அனுப்பியிருக்கேன், இன்னும் முடிவு வரல.

ஒரே ஒரு இடத்துல மனுஷங்களா பேசினாங்க, ஐபெருன்னு டூரிஸ்ட்டுக்கு உதவற அரசு ஆபீஸ். வவுச்சர பாத்ததுமே, இது பெர்மிட் இல்ல, ஏஜென்சி தானே அடிச்ச ரசீதுன்னு சொல்லிட்டாங்க. பெருல எந்தக் கடையா இருந்தாலும் லிப்ரோ தெ ரெக்லமாசியோனஸ்னு ஒரு புகார் புத்தகம் வெச்சே ஆகணும், அதுல எழுதுங்கன்னாங்க. திரும்பப் போய் கேட்டா முதல்ல புத்தகம் தீந்துபோச்சுன்னாங்க, ஐபெரு பேரச் சொன்னதும் மேஜைக்கு அடிலேர்ந்து வந்துச்சு. எழுதி, காப்பி வாங்கிட்டு வந்திருக்கேன். 15 வேலை நாளுக்குள்ள பதில் சொல்லணும்ங்கறது அங்க சட்டம், சொல்றாங்களான்னு பாக்கலாம்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப பேங்க்லேர்ந்து கால் வருது, முக்கியமானது மட்டும். வவுச்சர், "கன்ஃபார்ம்"ங்கற வார்த்தை, எதையும் நம்பாதீங்க, பணம் கட்டின கொஞ்ச நாள்லயே இன்கா ட்ரெயில் பெர்மிட்டோட ரிசர்வேஷன் கோடு கேளுங்க. லைசென்ஸ் இருக்கற ஆபரேட்டர் மட்டும்தான் பெர்மிட் வாங்க முடியும், அந்த லிஸ்ட்ல ஏஜென்சி பேரு இருக்கான்னு பாருங்க, தளத்தோட பேரு இல்ல, ஏஜென்சி பேரு. "சரியான ரூட் இல்லன்னா முழுப் பணமும் வாபஸ்"னு எழுத்துல வாங்குங்க. மச்சு பிச்சு டிக்கெட்ல எந்த சர்க்யூட்னு முன்னாடியே கேளுங்க. கார்டுல மட்டும் கட்டுங்க. அங்க போனப்புறம் ரூட் மாத்தினா, போர்டு தெரியற மாதிரி போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

ஜூன், ஜூலைக்கு புக் பண்ணி வெச்சிருக்கறவங்க இன்னைக்கே கோடு கேட்டு மெசேஜ் போடுங்க, அந்த மாசங்களுக்கு பெர்மிட் ரொம்ப முன்னாடியே காலியாயிடும். "வரும், வரும்"னு இழுத்தாங்கன்னா குஸ்கோ போய்ப் பேசிக்கலாம்னு விட்டுடாதீங்க, இப்பவே பேங்க்குக்குச் சொல்லுங்க.