டியூப் ஸ்க்ரீமரா, கிளீன் பூஸ்டா?

1992-இல் வெளிவந்த பீவி 5150 போன்ற வால்வு மின்கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களில் டிஸ்டார்ஷன் (ஒலியின் கரகரப்பான சிதைவு) ஏற்கெனவே மிகுதியாக இருப்பதால், அவற்றின் முன் வைக்கும் பூஸ்ட் பெடலின் (கிட்டாரின் சமிக்ஞையை உயர்த்தும், காலால் இயக்கும் கருவியின்) முதன்மையான பணி, கெயினை, அதாவது பெருக்கத்தின் அளவை, கூட்டுவதைவிட ஒலியைச் செதுக்குவதே ஆகும்.

இதில் ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் என்ற பெடலுக்கு நிகராக நான் எதையும் கருதவில்லை. அதன் சுற்று ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அதிர்வெண்களைக் குறைவாகப் பெருக்கி, நடுப்பகுதியை முன்னிறுத்துவதால், தாழ்ந்த ஸ்வரங்கள் ஆம்ப்ளிஃபயரின் முதல் பெருக்கப் பகுதியான ப்ரீஆம்பில் குழம்பிப்போவதில்லை. உள்ளங்கையின் ஓரத்தால் தந்திகளை அமுக்கி வாசிக்கும் ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடர்கள்) இறுக்கமாகவும் தெளிவாகவும் கேட்கின்றன. பெடலின் டிரைவ் (சிதைவின் அளவு) குமிழை ஏறக்குறைய பூஜ்யத்திலும் லெவல் (வெளியீட்டு அளவு) குமிழை உச்சத்திலும் வைப்பதே வழக்கம். ஆம்ப்ளிஃபயரின் கெயினையும் சற்றுக் குறைக்க வேண்டும், இல்லையேல் இரைச்சல் பெருகும்.

எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப் போன்ற கிளீன் பூஸ்ட், எல்லா அதிர்வெண்களையும் ஏறத்தாழ ஒருசேர 26 டெசிபல் வரை உயர்த்துகிறது. ஏற்கெனவே நிறைந்துவிட்ட ப்ரீஆம்புக்குள் அதைச் செலுத்தினால் சத்தம் பெரிதாகக் கூடுவதில்லை. கம்ப்ரஷனும் (உரத்த, மெல்லிய ஒலிகளின் வேறுபாடு குறைவதும்) தாழ்சுருதியின் கலங்கலுமே கூடுகின்றன. ஆனால் அதே பெடலை, ப்ரீஆம்புக்குப் பின்னுள்ள எஃபெக்ட்ஸ் லூப்பில் (பெடல்களைச் செருகும் இணைப்பில்) வைத்தால், ஸ்பீக்கரை இயக்கும் இறுதிப் பகுதியான பவர் ஆம்ப் தாங்கும் அளவுவரை, ஒலியின் தன்மை அதிகம் மாறாமல் சோலோ மட்டும் இசைக்குழுவுக்கு மேலே எழும்.