ஊட்டியில் வாக்யூம் கேஜ் 12 காட்டினால் எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள்

ஊட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய மாரிஸ் மைனர் 1000 கார். 948 சிசி எஞ்சின். டியூனிங்குக்காக விட்ட வண்டியின் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கி (போரிங்), 20 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த எஞ்சினுக்கு இது எதுவுமே தேவைப்படவில்லை. வொர்க்‌ஷாப்பின் பெயரைப் போடவில்லை. ஆனால் இதே தவறு எந்த மலையூரிலும் நடக்கும் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

அவர்கள் காட்டிய முதல் ஆதாரம், எஞ்சின் காற்றை இழுக்கும் இழுப்பை அளக்கும் பழைய வாக்யூம் கேஜ். எஞ்சின் சூடாகி ஐடிலிங்கில் ஓடும்போது முள் 12-ல் நின்றது. இந்தக் கேஜ்களின் முகப்பிலேயே 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை பச்சை, அதற்குக் கீழே 'டைமிங் லேட்' என்று அச்சிட்டிருப்பார்கள். அது கடல்மட்டத்துக்கான அச்சு. ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். ஊட்டி சுமார் 7,350 அடி. சென்னையில் 19 காட்டும் நல்ல எஞ்சின் அங்கே 12 தான் காட்டும். எண்ணைவிட முள்ளின் அசைவைத்தான் பார்க்க வேண்டும்: வால்வ் எரிந்திருந்தால் முள் சீராக விட்டுவிட்டு விழும். இங்கே முள் அசையாமல் நின்றிருக்கிறது.

இரண்டாவது ஆதாரம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும்போது வரும் அழுத்தம். பில்லின் பின்பக்கம் பென்சிலில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: 118, 120, 115, 119. பக்கத்திலேயே '150 இருக்கணும்' என்று எழுதி, இரண்டு கோடு. ஊட்டி உயரத்தில் கம்ப்ரஷனும் ஐந்தில் ஒரு பங்கு போல இறங்கும்; 150 என்பது அங்கே 120 பக்கம் வரும். நான்கு சிலிண்டருக்கும் நடுவே வித்தியாசம் வெறும் 5 பிஎஸ்ஐ. தேய்ந்த எஞ்சின் பெரும்பாலும் இப்படி ஒரே சீராக இருக்காது.

கம்ப்ரஷன் கேஜையும் சோதிக்க வேண்டும். காற்றைத் திரும்ப விடாத சின்ன வால்வ் பிளக் ஓட்டையில் திருகும் முனையிலேயே இருக்க வேண்டும். மேலே கேஜ் பக்கம் இருந்தால் ஹோஸும் சிலிண்டரோடு சேர்ந்துவிடும். கம்ப்ரஷன் விகிதம் 8.3 உள்ள எஞ்சினில் எரியறை சுமார் 32 சிசிதான்; 6 மிமீ உள்துளையும் 30 செமீ நீளமும் உள்ள ஹோஸ் இன்னும் 8 சிசிக்கு மேல் கூட்டும். 8.3 விகிதம் 6.8 ஆகிவிடும். அந்த வால்வ் போனதும் டயர் வால்வின் ஊசியைப் போட்டு ஒப்பேற்றுவார்கள். அதன் ஸ்பிரிங் கடினம், ரீடிங் இன்னும் குறையும்.

கம்ப்ரஷன் சோதனையைச் செய்யும் முறை இது. எஞ்சினைச் சூடாக்குங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, எஸ்யூ கார்புரேட்டரின் பிஸ்டனையும் தூக்கிப் பிடியுங்கள். இதை மறந்தாலே காற்று போதாமல் ரீடிங் விழும். ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறு அமுக்கம். ஏதாவது ஒன்று குறைந்தால் மட்டும் அதில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கட். 2, 3 இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அந்த பில்லில் ஆயில் விட்டுப் பார்த்த ரீடிங்கே இல்லை.

வாக்யூம் கேஜை டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸ் குழாயில் மாட்டக் கூடாது. ஐடிலிங்கில் அங்கே இழுப்பு இருக்காது. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள இன்லெட் மேனிஃபோல்டில்தான் எடுக்க வேண்டும்.

போரிங் முடிந்த பிறகு அதே வாக்யூம் கேஜை அதே இடத்தில் மாட்டிப் பார்த்தோம். முள் பன்னிரண்டரையில் நின்றது. அந்த பிளாக்கில் பொதுவாக 40 தவ் வரைதான் போவார்கள். பாதி இப்போதே வீண்.

மலையில் வண்டி வைத்திருப்பவர்கள் லீக்-டவுன் சோதனை கேளுங்கள். கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டு எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பதால் ஊர் உயரம் அதில் குறுக்கே வராது. கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வ், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ், ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். காதால் கேட்ட பிறகே ஹெட்டில் ஸ்பேனர் வைக்க விடுங்கள்.