பலகை தெரியாத திருப்பத்துக்கு 160 பவுண்: லண்டன் ட்ரிபியூனல்ஸ் கைகொடுக்குமா?

வலப்பக்கம் திரும்பத் தடை என்ற பலகை மரக்கிளைக்குப் பின்னால் நிற்கிறது. கமராவுக்கு மட்டும் மறைப்பு எதுவும் இல்லை. சில நாளில் கவுன்சில் கடிதம் வருகிறது: தண்டம் 160 பவுண், 14 நாளுக்குள் கட்டினால் 80. ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் இருக்கும் நம்மவர்களில் "80-ஓட போகட்டும்" என்று கட்டிவிடுகிறவர்கள் நிறைய. பலகையில் உண்மையாகவே குறை இருந்தால் அப்படிக் கட்டத் தேவையில்லை. கவுன்சிலின் முடிவை எதிர்த்துக் கேட்க லண்டன் ட்ரிபியூனல்ஸ் என்ற தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, தோற்றாலும் தண்டத்துக்கு மேல் செலவு ஏறுவது மிக அரிது.

முதலில் ஒரு எச்சரிக்கை. பி.சி.என். என்ற மூன்றெழுத்து இரண்டு வேறு சங்கதிகளுக்கு ஓடுகிறது. கவுன்சிலோ லண்டன் போக்குவரத்து நிறுவனமான டி.எஃப்.எல்.லோ அனுப்புவது 'பெனல்டி சார்ஜ் நோட்டீஸ்'. இந்தத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்வது அதை மட்டும்தான். சூப்பர்மார்க்கெட் தரிப்பிடத்தில் தனியார் கம்பனி அனுப்புவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. அதற்குப் பாதை வேறு. பொலிஸ் அனுப்பும் வேகத் தண்டம் மாஜிஸ்திரேட் நீதிமன்றப் பக்கம் போகிறது. கடிதத்தின் தலைப்பை வாசிக்காமல் பிழையான இடத்துக்கு எழுதி நாளைத் தொலைக்காதீர்கள்.

அடுத்து, குற்ற எண்ணைப் பாருங்கள். 50 என்றால் தடைசெய்த திருப்பம், 51 நுழைவுத் தடை, 52 குறிப்பிட்ட வாகனங்களுக்குத் தடை, 53 பாடசாலை வீதி போன்ற பாதசாரி வலயம், 34 பஸ் பாதை. பலகை வாதம் அதிகம் வேலைசெய்வது இவற்றில்தான். ஏனென்றால் ஓடுகிற காரில் முடிவெடுக்க ஓரிரு விநாடிதான் கிடைக்கிறது. வாகனத்தை நிறுத்தி இறங்கும் பார்க்கிங் வழக்கில் "இறங்கி நாலடி நடந்து பலகையைப் பார்த்திருக்கலாமே" என்ற கேள்வி வரும். அதற்கு நல்ல பதில் இருந்தாக வேண்டும்.

தீர்ப்பாயத்துக்கு நேரே போக முடியாது. முதலில் கவுன்சிலிடம் ஆட்சேபம் எழுத வேண்டும். கமராத் தண்டத்துக்கு அதற்கு 28 நாள். ஆனால் முதல் 14 நாளுக்குள் எழுதிவிடுங்கள். அப்படி எழுதியவர்களுக்கு, ஆட்சேபத்தை நிராகரிக்கும்போது பெரும்பாலான கவுன்சில்கள் பாதித் தொகை கட்டும் வாய்ப்பை இன்னொரு 14 நாளுக்குத் திரும்பத் தருகின்றன. கண்ணாடியில் ஒட்டிய பார்க்கிங் டிக்கெட் என்றால் இடையில் ஒரு படி கூடுதல்: முதலில் சாதாரண ஆட்சேபம், பிறகு வாகன உரிமையாளர் பெயருக்கு 'நோட்டீஸ் டு ஓனர்' வரும், அதற்கு 28 நாளுக்குள் முறையான ஆட்சேபம். இந்த முறையான ஆட்சேபத்துக்குக் கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தராவிட்டால் அந்தத் தண்டம் செல்லாது.

இங்கேதான் நமது வீடுகளில் வழக்குகள் கெடுகின்றன. கார் அப்பாவின் பெயரில், ஓட்டியது மகன், எழுதுவது மகள். பொறுப்பு பதிவில் இருப்பவருக்கு, அதாவது அப்பாவுக்கு. ஆட்சேபம் அவர் பெயரில் போக வேண்டும். வேறொருவர் எழுதினால் அப்பா கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம் கூடவே போக வேண்டும். இன்னொன்று: பணத்தைக் கட்டினால் வழக்கு முடிந்தது. கட்டிவிட்டுப் பிறகு பேசிப் பார்ப்போம் என்பதற்கு இடமே இல்லை.

கவுன்சில் கட்டத்தைப் பெரிதாகப் பாராட்ட முடியாது. பல நிராகரிப்புக் கடிதங்கள் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருக்கும். "பலகைகள் விதிமுறைப்படி உள்ளன" என்ற ஒரு வரி, கூடவே ஒரு பழைய படம். மரம் மறைக்கிறது என்று நீங்கள் எழுதியதற்குப் பதிலே இருக்காது. மனம் தளராதீர்கள். அந்த மௌனமே பிறகு உங்களுக்கு உதவும்.

சட்டத்தில் பிடித்துக்கொள்ள வேண்டிய கொம்பு ஒன்றுதான். உள்ளூராட்சிப் போக்குவரத்து ஆணைகளுக்கான 1996ஆம் ஆண்டு விதிகளில் 18ஆவது விதி. ஆணையின், அதாவது தடையைச் சட்டமாக்கும் உத்தரவின், விளைவை வீதியில் வருபவர்கள் போதிய அளவு அறியும்படி பலகைகளை வைப்பது அதிகாரசபையின் கடமை என்கிறது அது. ஆகவே உங்கள் வாதத்தின் பெயர் 'குற்றம் நிகழவில்லை' என்பதுதான். "மன்னிக்கவும், முதல் தடவை" என்று எழுதினால் அது கருணை மனு. கருணை காட்டித் தண்டத்தை ரத்துசெய்ய தீர்ப்பாளருக்கு அதிகாரம் இல்லை. சட்-நாவ் காட்டிய வழி, பின்னால் வந்த லாரி ஹோர்ன் அடித்தது, அவசர வேலை எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் விழும்.

இரண்டு தீர்ப்புகளைத் தெரிந்து வைத்திருங்கள். 2010இல் ஒக்ஸ்ஃபோர்ட் ஹை ஸ்ட்ரீட்டின் பஸ் கேட் (பஸ் போன்ற சில வாகனங்களுக்கு மட்டும் வழிவிடும் இடம்) பற்றிய வழக்கில், அரசு வகுத்த வடிவத்திலான பலகையைச் சரியாக வைத்திருந்தால் அது போதிய தகவல்தான் என்று கொள்ளப் பலமான காரணம் உண்டு என்றது உயர் நீதிமன்றம். 2011இல் சண்டர்லாந்தைச் சேர்ந்த ஹெரான் வழக்கில், கோடு கொஞ்சம் அழிந்தது போன்ற சில்லறைக் குறைகள் தண்டத்தைச் செல்லாததாக்காது என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். ஆகவே 'பலகை ஐந்து சென்டிமீட்டர் சிறிது', 'ஓரத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது' என்று எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். நுழைவாயிலின் இரண்டு பக்கமும் பலகை இருந்தே ஆக வேண்டும் என்ற பழைய வாதமும் 2016 போக்குவரத்துப் பலகை விதிகளுக்குப் பிறகு பெரும்பாலும் எடுபடுவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: முடிவெடுக்க வேண்டிய இடத்தில், ஓட்டுநர் இருக்கையிலிருந்து, அன்றைக்கு, அந்தப் பலகை தெரிந்ததா?

இதை நிரூபிக்கும் விதம் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 20 மைல் வேக எல்லையுள்ள வீதி. சந்தியின் மூலையில் திருப்பத் தடைப் பலகை, அதற்கு முன்னால் ஒரு மரம். 20 மைல் வேகத்தில் கார் விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் போகிறது. கிளைகளைத் தாண்டிப் பலகை முழுதாகத் தெரியும் இடம் சந்திக்கு 10 மீட்டர் முன்னால் என்றால், ஓட்டுநருக்குக் கிடைப்பது ஒரு விநாடிக்குச் சற்றுக் கூட. அதற்குள் அவர் எதிர்வரும் வாகனத்தையும் வீதி கடப்பவரையும் பார்த்தாக வேண்டும். கடிதம் கிடைத்த அன்றைக்கோ மறுநாளோ, சம்பவம் நடந்த அதே நேரத்தில் அங்கே போங்கள். நடைபாதையில் நின்று கமராவை உயர்த்திப் பிடித்து எடுத்த படம் பயன்படாது. காரில் இருப்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் 1.05 மீட்டர். பின்னிருக்கையிலோ பக்கத்திலோ இன்னொருவரை இருத்தி, 40, 30, 20, 10 மீட்டரில் ஒவ்வொரு படம் எடுக்கச் சொல்லுங்கள். தூரத்தை அளவுநாடாவால் அளந்து, படத்துக்குக் கீழே எழுதுங்கள். டாஷ்காம் பதிவு இருந்தால் அன்றே வேறிடத்தில் சேமியுங்கள். பல கருவிகள் சில நாளில் பழையதன்மேல் புதியதை எழுதிவிடும்.

இலை விஷயத்தில் பருவகாலம் முக்கியம். ஜூலையில் மறைந்திருக்கும் பலகை ஜனவரியில் பளிச்சென்று தெரியும். கவுன்சில் குளிர்காலப் படத்தை அனுப்பினால், படத்தின் திகதியைக் காட்டியே அதை உடைக்கலாம். கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பழைய படங்களும் எடுத்த மாதமும் தெரியும். எந்த மாதத்தில் பலகை எப்படி இருந்தது, கம்பம் எப்போது திரும்பிப்போனது என்று அதில் தேடுங்கள். சாரக்கட்டு, நிறுத்திய பார வண்டி, பஸ் தரிப்பிடக் கூரை, காற்றில் திரும்பிவிட்ட பலகை முகம், எல்லாமே கணக்கில் வரும். ஆகப் பலமான வாதம் இது: திரும்பிய பிறகுதான் பலகை தெரிகிறது, அதற்குப் பிறகு பாதுகாப்பாகப் பின்வாங்க வழியில்லை. தடையுள்ள வீதியின் வாயிலில் மட்டும் பலகை வைத்துவிட்டு, பிரதான வீதியில் முன்னறிவிப்பு வைக்காத இடங்களில் இதை எழுதுங்கள்.

கவுன்சில் நிராகரித்த பிறகு மேன்முறையீட்டுக்கு 28 நாள். நிராகரிப்புக் கடிதத்தோடு வரும் சரிபார்ப்புக் குறியீட்டையும் பி.சி.என். எண்ணையும் வைத்து இணையத்திலேயே பதியலாம். எழுத்தில் மட்டும் போதுமா, தொலைபேசியிலா, நேரிலா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பலகை வழக்கில் எழுத்தோடு விட்டுவிடாதீர்கள். தீர்ப்பாளர் படத்தைப் பார்த்தபடியே "இந்த இடத்தில் உங்கள் கார் எங்கே இருந்தது?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு நேரில் கொடுக்கும் பதில் இரண்டு பக்கக் கடிதத்தைவிடக் கனமானது. ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெரியவர்களுக்காகப் பிள்ளைகளே பிரதிநிதியாகப் பேசலாம். தீர்ப்பாளர்கள் சுயாதீனமான சட்டத்தரணிகள், கவுன்சில் ஊழியர்கள் அல்ல.

விசாரணைக்கு முன் கவுன்சிலின் சாட்சியக் கட்டு உங்களுக்கும் வரும். அதில் கமரா வீடியோ, போக்குவரத்து ஆணையின் பிரதி, பலகைப் படங்கள், இட வரைபடம் இருக்கும். வரைபடத்தில் காட்டிய பலகை வீடியோவில் தெரிகிறதா? ஆணையில் உள்ள நேரமும் பலகையில் உள்ள நேரமும் ஒன்றா? படங்கள் சம்பவ நாளுக்கு நெருக்கமானவையா? வரிவரியாகச் சரிபாருங்கள். சில சமயம் கவுன்சில் அந்தச் சாட்சியக் கட்டை அனுப்பாமலே ஒதுங்கிவிடுவதும் உண்டு. அப்போது விசாரணையே இல்லாமல் நீங்கள் வென்றீர்கள்.

குறைகளும் உண்டு. தோற்றால் பாதித் தொகை கிடையாது, முழு 160. அந்த 80 பவுண் வித்தியாசம்தான் நீங்கள் எடுக்கும் உண்மையான ஆபத்து. முந்தைய தீர்ப்புகள் அடுத்த தீர்ப்பாளரைக் கட்டுப்படுத்தாது, ஆகவே ஒரே சந்தியில் ஒருவர் வெல்ல இன்னொருவர் தோற்கலாம். மறுபரிசீலனை கேட்க 14 நாள்தான், அதுவும் குறுகிய காரணங்களுக்கு மட்டும். பொதுப் பதிவேட்டில் உங்கள் பெயரும் தீர்ப்பும் இருக்கும்.

கடிதத்தைக் கவனிக்காமல் விட்டால் தொகை பாதி கூடி 240 ஆகும். பிறகு நோர்தாம்ப்டன் கவுன்டி நீதிமன்றத்தின் போக்குவரத்து அமலாக்க மையத்தில் பதிவாகும். வீடு மாறி வாகனப் பதிவில் முகவரியை மாற்றாதவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. கடிதமே கிடைக்கவில்லை என்றால் பார்க்கிங் வழக்கில் டி.ஈ.9, பஸ் பாதை, திருப்பம் போன்றவற்றில் பி.ஈ.3 படிவத்தை அந்த மையத்துக்கு அனுப்பி வழக்கைப் பழைய கட்டத்துக்குக் கொண்டுவரலாம். பொய்யாக எழுதுவது குற்றம்.

லண்டனுக்கு வெளியே, இங்கிலாந்திலும் வேல்ஸிலும், இதே வேலையை டிராஃபிக் பெனல்டி ட்ரிபியூனல் செய்கிறது. அங்கே தண்டம் குறைவு. இங்கிலாந்தில் திருப்பத் தடை போன்றவற்றுக்குக் கமராத் தண்டம் போடும் அதிகாரம் கவுன்சில்களுக்கு 2022 மே 31க்குப் பிறகே வந்தது.

வென்றாலும் பலகை அங்கேதான் நிற்கும். அதை மாற்றச் சொல்லிக் கவுன்சிலுக்குக் கட்டளையிடத் தீர்ப்பாளருக்கு அதிகாரம் இல்லை. உங்கள் வழக்கு எண்ணைக் குறித்து வைத்து, அதே சந்தியில் அகப்படும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். பதிவேட்டில் தேடி எடுத்து அவர் தன் ஆட்சேபத்தோடு இணைக்கலாம்.